காலியாகப் போன இரண்டு இடங்கள்

குழந்தைகளுக்கு எதையும் விளக்கிச் சொல்லிவிடலாம் என்ற தைரியம் கதை எழுதுகிறவர்களுக்கு எப்படியோ வந்துவிடுகிறது. எனக்கும் இருந்தது. இருபது வருஷமாகப் பத்திரிகைகளில் எழுதிப் பெரியவர்களையே நம்ப வைத்துக்கொண்டிருக்கிறவனுக்கு எட்டு வயதுப் பையனைச் சமாளிப்பதா பெரிய காரியம் என்று நினைத்திருந்தேன். அந்த நினைப்பு எப்படிப் போயிற்று என்பதைத்தான் இங்கே சொல்ல உத்தேசம்.

நான் குடியிருப்பது காட்டுப்பாக்கத்தில். போரூரிலிருந்து பூந்தமல்லிக்குப் போகிற சாலையில், ஐயப்பன்தாங்கலைத் தாண்டி, குமணன்சாவடிக்கு முன்னால் வருகிற ஊர். காடு இப்போது பெயரில் மட்டும்தான். சாலை நடுவே மெட்ரோ ரயிலுக்காக எழுப்பிய தூண்கள், இரண்டு பக்கமும் கடைகள், கடைகளுக்குப் பின்னால் எங்களைப் போன்றவர்களின் வீடுகள். எங்கள் வீட்டில் மூன்று குடித்தனம். மூன்றுக்கும் பொதுவாக ஒரு மொட்டை மாடி உண்டு. பகலில் அங்கே துணியும் வடகமும் காயும். ராத்திரியில் நாங்கள் காற்று வாங்க ஏறுவோம். அந்த மாடிக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. வடக்கே, சற்றுக் கிழக்காக ஒதுங்கி, 75 அல்லது 80 கிலோமீட்டர் தூரத்தில் ஸ்ரீஹரிகோட்டா இருக்கிறது. வானம் தெளிவாக இருந்தால், அங்கே விடுகிற ராக்கெட்டை எங்கள் மாடியிலிருந்தே பார்க்கலாம்.

2024 டிசம்பர் 30-ந் தேதி ராத்திரி பத்து மணிக்கு ஒரு ராக்கெட் கிளம்புவதாக இருந்தது. அரைப் பரீட்சை லீவு. ஆகவே மாடி நிறையக் குழந்தைகள். அவர்களில் இரண்டு பேரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒருத்தி மாடிக் குடித்தனத்துப் பெண், ஏழாவது படிக்கிறாள். கேள்வி கேட்டால் பதில் சொல்லிவிட்டு, பதில் சொன்னவர்களையே திருப்பிக் கேள்வி கேட்கிற ஜாதி. இன்னொருவன் பின்கட்டுப் பையன், மூன்றாவது படிக்கிறான். அவனுடைய அப்பா வளைகுடா நாடு ஒன்றில் வெல்டர் வேலைக்குப் போயிருந்தார். தீபாவளிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். தீபாவளி போயிற்று. பிறகு பொங்கலுக்கு வருவதாகச் சொன்னார்.

பத்து அடித்துச் சில விநாடிகளில் வடக்கே கட்டடங்களுக்கு மேலாக ஒரு சிவந்த பொறி எழும்பியது. தீபாவளி வாணத்தைப் போல் அது அவசரப்படவில்லை. நிதானமாக ஏறி, வலப்பக்கம் சாய்ந்து, கடல் பக்கமாகப் போய் மறைந்துவிட்டது. குழந்தைகள் கையைத் தட்டினார்கள். பின்கட்டுப் பையன் மட்டும் தட்டவில்லை.

"மாமா, அதுல ஆளுங்க இருக்காங்களா?" என்றான்.

"இல்லைடா. ரெண்டு சின்னத் துணைக்கோள்தான் போகுது. ஒவ்வொண்ணும் 220 கிலோ. மேலே போய் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்துக்கப் பழகப் போகுது" என்றேன். (2025 ஜனவரி 16-ந் தேதி அவை சேர்ந்தும்விட்டன.)

"அப்ப ஆளுங்க எங்கே இருக்காங்க?"

இந்த மாதிரி ஒரு கேள்விக்காகத்தான் நான் காத்திருந்தேன் என்று சொல்ல வேண்டும். உடனே பிரசங்கத்தை ஆரம்பித்துவிட்டேன். பூமிக்கு மேலே சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சர்வதேச விண்வெளி நிலையம் இருக்கிறது. மணிக்கு 28,000 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை பூமியைச் சுற்றி வந்துவிடுகிறது. அங்கே ஒரே நாளில் 16 தடவை பொழுது விடிகிறது. 2000 நவம்பர் 2-ந் தேதியிலிருந்து ஒரு நாள்கூட ஆள் இல்லாமல் இருந்ததில்லை. குழந்தைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. "அங்கே பூமியோட ஈர்ப்பு சக்தி கிடையாது. அதனாலேதான் எல்லாரும் மிதக்கிறாங்க" என்று முத்தாய்ப்பு வைத்தேன்.

"ஈர்ப்பு கிடையாதுன்னா அது எதுக்கு மாமா பூமியையே சுத்துது? நேரா எங்கேயாவது போயிடாதா? நிலா எவ்வளவோ தூரத்துல இருக்கு. அதையே பூமி பிடிச்சு வச்சிருக்கே?" என்றாள் மாடிக் குடித்தனத்துப் பெண்.

"நேரமாச்சு. எல்லாரும் போய்ப் படுங்க" என்றேன்.

கல்லூரியில் நான் இரண்டு வருஷந்தான் படித்தேன். அந்த இரண்டு வருஷத்திலும் பௌதிக வகுப்பில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். அதன் பலனை அன்று ராத்திரி அனுபவித்தேன். ஒரு மணி வரைக்கும் படித்துப் பார்த்ததில், அந்தப் பெண் சொன்னதுதான் சரி என்று தெரிந்தது. 400 கிலோமீட்டர் உயரத்திலும் பூமியின் ஈர்ப்பு ஏறக்குறைய 10-ல் 9 பங்கு இருக்கிறது. அப்படியானால் ஏன் மிதக்கிறார்கள்? அவர்கள் விழுந்துகொண்டே இருக்கிறார்கள். அதனால்தான்.

மறுநாள் சாயங்காலம் ரப்பர் பந்து ஒன்றை வாங்கிக்கொண்டு மாடிக்குப் போனேன். "நேத்து நான் சொன்னது தப்பு" என்று ஆரம்பித்தேன். இதைச் சொல்வதற்கு எனக்கு இருந்த சங்கடம் குழந்தைகளுக்குக் கேட்பதற்கு இருக்கவில்லை. பந்தைக் கிழக்கே பார்த்து எறிந்தேன். பக்கத்து வீட்டுக் கொல்லையில் விழுந்தது.

"இதையே இன்னும் பலமா எறிஞ்சா எங்கே விழும்?"

"ஐயப்பன்தாங்கல் டிப்போல."

"இன்னும் பலமா?"

"போரூர்ல! வடபழனியில! மெரினாவுல!"

"இன்னும் பலமா எறிஞ்சா கடலையும் தாண்டிடும். பூமி உருண்டை. எந்தச் சாமானும் முதல் ஒரு விநாடியில சுமார் 5 மீட்டர் விழும். பூமியோட தரையும் 8 கிலோமீட்டர் போனா 5 மீட்டர் கீழே வளைஞ்சுடுது. அதனால, விநாடிக்கு 8 கிலோமீட்டர் வேகத்துல எறிஞ்சா, பந்து விழ விழத் தரையும் விலகிக்கிட்டே போகும். நடுவுல காத்து மட்டும் இல்லேன்னா, அது விழுந்துக்கிட்டே பூமியைச் சுத்தி, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கமா வந்து என் பிடரியில அடிக்கும்."

குழந்தைகள் சிரித்தார்கள். ராட்டினத்தில் மேலிருந்து கீழே இறங்கும்போது அடிவயிறு லேசாகிறதே, அந்த நிலைமையிலேயே மாசக்கணக்கில் இருப்பதுதான் மிதப்பது என்று சொன்னதும் அவர்களுக்குப் புரிந்துவிட்டது.

பின்கட்டுப் பையன் சிரிக்கவில்லை. "விழுந்துக்கிட்டே இருக்கிறவங்க வீட்டுக்கு எப்படி மாமா வருவாங்க?" என்று கேட்டான். நான் பதில் சொல்வதற்குள், "அந்த சுனிதா எட்டு நாள்ல வரேன்னு சொல்லிட்டுத்தானே போனாங்க?" என்றான்.

அவன் எதைப் பற்றிக் கேட்கிறான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. துணி எடுக்க வந்திருந்த அவன் அம்மாவும் கொடியருகே நின்றுவிட்டாள்.

சுனிதா வில்லியம்ஸின் தகப்பனார் குஜராத்திலிருந்து போனவர் என்பதால் நம்முடைய ஜனங்களுக்கு அந்த அம்மாளிடம் ஒரு சொந்தம். 2024 ஜூன் 5-ந் தேதி அவரும் வில்மோர் என்ற இன்னொருவரும் ஒரு புது விண்கலத்தில் கிளம்பினார்கள். எட்டு நாள் பிரயாணம் என்று சொல்லியிருந்தார்கள். போகிற வழியில் கலத்தில் ஹீலியம் வாயு கசிந்தது. திசை திருப்புகிற சின்ன என்ஜின்கள் சில கோளாறு செய்தன. எப்படியோ நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அந்தக் கலத்தில் அவர்களைத் திருப்பி அழைப்பது உசிதமா என்று கீழே இருந்தவர்கள் இரண்டு மாசத்துக்கு மேல் யோசித்து, வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். செப்டம்பரில் கலம் மட்டும் காலியாக இறங்கிற்று. செப்டம்பர் 28-ந் தேதி வேறொரு விண்கலத்தை அனுப்பினார்கள். அதில் நாலு பேர் போகலாம். இரண்டு பேர்தான் போனார்கள். பாக்கி இரண்டு இடத்தைக் காலியாக விட்டிருந்தார்கள்.

"அந்த ரெண்டு இடமும் அவங்களுக்குத்தான். அந்த வண்டி இப்பவும் நிலையத்தோட சேர்ந்து நிக்குது" என்றேன்.

"இப்பவே நிக்குதா?"

"நிக்குது. அடுத்த ஆட்கள் மேலே போய் வேலையை ஒப்புக்கொண்டதும் இவங்க இறங்கிடுவாங்க. அந்தத் தேதியைத்தான் இப்ப மார்ச்சுக்குத் தள்ளி வச்சிருக்காங்க."

அவன் சற்று யோசித்தான். "இதுவரைக்கும் போனவங்க எல்லாரும் திரும்பி வந்துட்டாங்களா மாமா?"

அவன் அம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும் வந்துட்டாங்கடா" என்றேன்.

குழந்தைகள் போன பிறகு, மாடிப்படியில் அந்த ஏழாவது வகுப்புப் பெண் என்னை மறித்தாள்.

"கல்பனா சாவ்லா வந்துட்டாங்களா மாமா?"

"சின்னப் பையன் அம்மா. அவன் அப்பா வேற ஊர்ல இல்லே. அவன்கிட்டே போய் எப்படிச் சொல்றது?"

"எங்க ஸ்கூல் சுவத்துல அவங்க படம் இருக்கு. அவனும் அங்கேதான் படிக்கிறான். நாளைக்கே தெரிஞ்சுப்பான். அப்புறம் நீங்க சொன்ன அந்த ரெண்டு இடத்தையும் நம்ப மாட்டான்."

இதைச் சொல்லிவிட்டு அவள் மாடி ஏறிப் போய்விட்டாள். எனக்குச் சுருக்கென்றது. ஒரு கதையில் ஒரே ஒரு விவரம் பொய்யாகத் தொனித்துவிட்டால், மற்ற நூறு உண்மையும் அதோடு போய்விடும் என்பதை இளம் எழுத்தாளர்களுக்கு நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அதை எனக்கு ஒரு பள்ளிக்கூடத்துப் பெண் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

அன்று ராத்திரி 2003 பிப்ரவரி 1-ந் தேதி ஞாபகத்துக்கு வந்தது. சனிக்கிழமை. பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு அருகில் ஒரு டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். டெலிவிஷனில் வெளிறிய நீல வானமும், அதில் வெள்ளைக் கோடுகளும் தெரிந்தன. ஹரியானாவில் கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லாவும் மற்ற ஆறு பேரும் வந்த கொலம்பியா ஓடம், தரையிறங்க 16 நிமிஷம் இருக்கும்போது டெக்ஸாஸ் வானத்தில் சிதறிவிட்டது. கடையில் யாரும் பேசவில்லை. டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் மட்டும், "அத்தனை படிச்சவங்க இருந்தும் ஒரு ஏற்பாடும் இல்லாமலா அனுப்பினாங்க?" என்றார்.

அவர் கேட்டது பாமரத்தனமான கேள்வி என்று அன்று நினைத்தேன். விசாரணையில் வெளிவந்ததைப் பின்னால் படித்தபோதுதான் அதன் கனம் தெரிந்தது. ஜனவரி 16-ந் தேதி ஓடம் கிளம்பி 82 விநாடிக்குள், எரிபொருள் தொட்டியின் மேலிருந்த நுரைப் பூச்சில் ஒரு துண்டு பெயர்ந்து, இடது இறக்கையின் முன்விளிம்பில் அடித்தது. மறுநாளே படச்சுருளில் அதைப் பார்த்துவிட்டார்கள். அடிபட்ட இடத்தை வானத்திலிருந்து படம் எடுக்க ஏற்பாடு செய்யுங்கள் என்று சில என்ஜினீயர்கள் கேட்டார்கள். அது நடக்கவில்லை. இதனால் ஒன்றும் கவலை இல்லை என்று, மேலே இருந்த தலைவருக்கும் விமானிக்கும் கடிதமும் போயிற்று. திரும்பி வரும்போது அந்த ஓட்டை வழியாகத்தான் நெருப்பாகக் கொதிக்கிற காற்று உள்ளே புகுந்தது.

கவலை இல்லை என்று எழுதியவர்கள் கெட்டவர்கள் அல்ல. நான் பின்கட்டுப் பையனிடம் சொன்னதும் அதே கடிதந்தான்.

அவன் அம்மாவிடம் முதலில் கேட்டுக்கொண்டேன். தலையைக் குனிந்துகொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். "சொல்லுங்க அண்ணா. ராத்திரியில என்கிட்ட என்னென்னவோ கேக்கிறான். எனக்குச் சொல்லத் தெரியலை" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அவனை மாடிக்கு அழைத்துப் போய், "உன்கிட்ட ஒரு பொய் சொல்லிட்டேன்" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். கல்பனாவைச் சொன்னேன். அவருடைய ஞாபகமாக, 2002-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து விட்ட வானிலைத் துணைக்கோளுக்குக் 'கல்பனா-1' என்று பெயர் மாற்றி வைத்ததைச் சொன்னேன். அவன் அழுவான், என்ன சொல்லித் தேற்றுவது என்று நான் ஒத்திகைகூடப் பார்த்து வைத்திருந்தேன். அவன் அழவில்லை. மாடிக் கைப்பிடிச் சுவரைக் கொஞ்ச நேரம் நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"அப்புறம் அதைச் சரி பண்ணாங்களா?" என்றான்.

இந்தக் கேள்விக்கு நான் ஒத்திகை பார்க்கவில்லை. ஆனால் பதில் இருந்தது. இரண்டரை வருஷம் வேறு ஓடம் எதையும் அனுப்பவில்லை. 2005 ஜூலையில் மறுபடி அனுப்பியபோது, நிலையத்தை நெருங்கியதும் ஓடம் ஒரு குட்டிக்கரணம் போட்டது. நிலையத்தில் இருந்தவர்கள் அதன் அடிவயிற்றைப் படம் எடுத்து அனுப்ப, கீழே இருந்தவர்கள் ஏதாவது அடிபட்டிருக்கிறதா என்று பார்த்தார்கள். குட்டிக்கரணம் என்றதும் அவன் முகம் நிமிர்ந்தது.

நம்முடைய 'ககன்யான்' கதைக்கு வந்தேன். மூன்று பேரை 400 கிலோமீட்டர் உயரத்துக்கு அனுப்பி மூன்று நாளில் திருப்பி அழைப்பதென்று திட்டம். அதற்காக நாலு விமானப் படை அதிகாரிகளை 2024 பிப்ரவரி 27-ந் தேதி தும்பாவில் நாட்டுக்கு அறிமுகம் செய்தார்கள். அவர்களில் அஜித் கிருஷ்ணன் நம் சென்னையில் பிறந்தவர். அவர்கள் ஏறுவதற்கு முன்னால் என்னென்ன நடக்கிறது? நம் திருநெல்வேலிச் சீமையில், மகேந்திரகிரி மலையடிவாரத்தில், ராக்கெட்டின் கிரயோஜெனிக் என்ஜினை 2022 ஜனவரி 12-ந் தேதி விடாமல் 720 விநாடி ஓட்டிப் பார்த்தார்கள். 2023 அக்டோபர் 21-ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவில் வேறொரு சோதனை. போகிற ராக்கெட்டில் பாதி வழியில் ஆபத்து வந்தால், ஆட்கள் இருக்கிற கூண்டை மட்டும் பிய்த்துக்கொண்டு போய்க் காப்பாற்ற முடியுமா என்று பார்க்கிற சோதனை. கிளம்ப 5 விநாடி இருக்கும்போது கம்ப்யூட்டரே நிறுத்திவிட்டது. என்ன கோளாறு என்று பார்த்துச் சரி செய்து, பத்து மணிக்கு விட்டார்கள். சுமார் 12 கிலோமீட்டர் உயரத்தில் கூண்டு ராக்கெட்டிலிருந்து விலகி, மேலும் உயரே போய், குடை விரித்துக் கடலில் இறங்கியது. கடற்படைக்காரர்கள் போய்ப் பார்த்தபோது அது தலைகீழாக மிதந்துகொண்டிருந்தது.

"தலைகீழாவா? உள்ளே ஆளு இருந்தா?" என்றான் பையன், கண்ணை அகலத் திறந்துகொண்டு.

"ஆளு யாரும் இல்லை. இருந்தா என்ன ஆகும்னு தெரிஞ்சுக்கத்தான் ஆளில்லாம விட்டாங்க. நிஜமாப் போறபோது, கவிழ்ந்தா நிமிர்த்துறதுக்கும் ஏற்பாடு உண்டு."

அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். விரல் விட்டு எண்ணி எனக்கே திருப்பிச் சொன்னான்: குட்டிக்கரணம், 720 விநாடி, பிய்ச்சுக்கிட்டு வர்ற கூண்டு, காலியா ரெண்டு இடம். நான் அன்று தெரிந்துகொண்டது இதுதான். பயப்படாதே என்று சொன்னால் குழந்தைக்குப் பயம் போவதில்லை. சொல்கிறவனுக்குத்தான் தொல்லை விட்டது. ஆபத்து இருக்கிறது, அதற்கு இன்னின்ன ஏற்பாடு செய்திருக்கிறார்கள் என்று சொன்னால், அதைக் கையில் பிடித்துக்கொண்டு குழந்தை தூங்கப் போகிறது.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை அவன் அப்பா வழக்கம்போல் டெலிபோனில் கூப்பிட்டார். வழக்கமாக அவன் "எப்பப்பா வருவே?" என்று கேட்பான், அவரும் ஒரு பண்டிகையின் பெயரைச் சொல்வார். அன்று அவன் அப்படிக் கேட்கவில்லையாம். "அப்பா, நீ வர்றதுக்கு என்ன ஏற்பாடு? டிக்கெட்டு யாரு எடுப்பாங்க? பாஸ்போர்ட்டு உன்கிட்டயா இருக்கு?" என்று கேட்டிருக்கிறான்.

அந்தப் பக்கம் வெகு நேரம் பேச்சே இல்லை. பிறகு அவர், போனை அம்மாவிடம் கொடுக்கச் சொன்னார். வேலையில் சேர்ந்த அன்றைக்கே பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டுவிட்டார்கள். மூன்று தடவை லீவு கேட்டும் கிடைக்கவில்லை. வீட்டில் கவலைப்படுவார்களே என்று பண்டிகை பண்டிகையாகத் தேதி சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாம் அன்றுதான் வெளியே வந்தது. அந்த அம்மாள் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்ததும், "இனிமே என்ன பண்ணணும் அண்ணா?" என்று கேட்டாள். மகன் கேட்ட மாதிரியேதான் கேட்டாள்.

அந்த ஊர் இந்தியத் தூதரகத்துக்கு ஒரு மனு, சென்னையில் அயலகத் தமிழர் நலனைக் கவனிக்கும் அரசு அலுவலகத்துக்கு ஒரு மனு என்று நான் எழுதிக் கொடுத்தேன். இருபது வருஷத்தில் நான் எழுதிய உருப்படியான எழுத்து அதுதான் என்று என் மனைவி இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் மறுப்பதில்லை.

மார்ச் 19-ந் தேதி விடியற்காலை, நம் கணக்கில் மூன்றரை மணிக்கு, சுனிதாவும் வில்மோரும் ஃப்ளோரிடா கடலில் வந்து இறங்கினார்கள். எட்டு நாள் 286 நாள் ஆகியிருந்தது. பள்ளிக்கூடம் போகிற வழியில் பையன் என் ஜன்னலைத் தட்டி, "மாமா, அந்த ரெண்டு இடத்துலயும் உக்காந்து வந்துட்டாங்க!" என்று கத்திவிட்டு ஓடினான்.

அவன் அப்பா மே மாசக் கடைசியில் வந்தார். போனபோது இருந்ததில் பாதி ஆளாக இருந்தார்; தலையும் நரைத்திருந்தது. ஒரு வருஷத்துச் சம்பளத்தில் பாதி இன்னும் வர வேண்டியிருக்கிறது. இப்போது அம்பத்தூரில் ஒரு பட்டறையில் வேலை செய்கிறார்.

ஜூலை முதல் வாரத்தில் ஒரு நாள் சாயங்காலம். சுபான்ஷு சுக்லா அப்போது மேலே இருந்தார். ஜூன் 25-ந் தேதி கிளம்பி, மறுநாள் நிலையத்தில் கால் வைத்த முதல் இந்தியர் அவர். 1984-ல் ராகேஷ் சர்மா ரஷ்யர்களோடு போய் வந்த பிறகு, இந்த 41 வருஷத்தில் நம் நாட்டின் பெயரில் போனவர் வேறு யாரும் இல்லை. அன்று ஏழரை மணி சுமாருக்கு நிலையம் எங்கள் மாடிக்கு மேலாகப் போகும் என்று கணக்குப் பார்த்து வைத்திருந்தோம். ஓடுகிற நட்சத்திரம் மாதிரி தெரியும். எல்லோரும் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நின்றோம். ஏழே கால் மணிக்கே மேகம் வந்து மூடிவிட்டது.

பையன் விடவில்லை. மேகத்துக்குப் பின்னால் அது இந்நேரம் எங்கே போய்க்கொண்டிருக்கும் என்று விரலை நீட்டி அப்பாவுக்குக் காட்டிக்கொண்டு வந்தான். பந்தை எறிகிற கதையைச் சொன்னான். போரூரையும் வடபழனியையும் சொன்னான்.

"விழுந்துக்கிட்டே இருந்தா எப்படிடா திரும்பி வருவாங்க?" என்று அவர் கேட்டார்.

"அவங்க போன வண்டி அங்கேயே கட்டி நிக்குதுப்பா. அவங்க இருக்கிற வரைக்கும் அது அங்கேதான் நிக்கும்."

அவர் என் பக்கம் திரும்பி, "நிஜமாங்களா சார்?" என்றார்.

"நிஜந்தான்" என்றேன்.

அவர் வேறொன்றும் கேட்கவில்லை. மகன் விரல் நீட்டிய பக்கமே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய பெரிய தூறலாக விழ ஆரம்பித்தது. கொடியில் கிடந்த துணிகளை ஆளுக்குக் கொஞ்சமாக அள்ளிக்கொண்டு கீழே இறங்கினோம்.